இறுகிப்போன தையல் மெஷினும் அப்பாவின் மூன்று லுங்கித் துணிகளும்

எங்கள் வீட்டு அலமாரியில் மூன்று லுங்கித் துணிகள் இரண்டு வருஷமாக மடிப்புக் கலையாமல் கிடந்தன. மூன்றும் அப்பாவுக்கு வந்தவை. ஒன்று தீபாவளிக்கு நான் எடுத்தது. ஒன்று என் கணவர் எடுத்தது. நீலக் கட்டம் போட்டது மோல்மேனிலிருந்து சித்தப்பா கொடுத்தனுப்பியது. பர்மாவில் நாங்கள் லுங்கியைத் துணியாகத்தான் வாங்குவோம். இரண்டு கெஜத் துணி, இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஒரே ஒரு நீளத் தையல் போட்டால் உடுத்தத் தயார். தெருமுனை டெய்லரிடம் கொடுத்தால் டீ ஆறுவதற்குள் முடித்துக் கொடுத்துவிடுவார். அப்பா கொடுக்கமாட்டார். "பழசே நல்லாத்தான்மா இருக்கு" என்பார். பழசு நல்லா இல்லை. உட்காரும் இடத்தில் நூல் நூலாகத் தெரிந்தது.

காரணம் எனக்குப் போன ஜனவரியில்தான் பிடிபட்டது. கல்யாணம் ஆன 1976-லிருந்து அப்பா உடுத்திய அத்தனை லுங்கிக்கும் அந்த ஒரு தையலைப் போட்டது அம்மா. அம்மாவின் மெஷின் இறுகி நின்றது. அன்றோடு அப்பாவும் புது லுங்கி உடுத்துவதை நிறுத்திவிட்டார். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒருவருக்காக ஒருவர் பட்டினி கிடப்பதை விரதம் என்று சொல்லத் தெரிந்த நமக்கு, கிழிந்த லுங்கியைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதற்கு ஒரு பெயர் இல்லை.

அதனால்தான் மெஷினைப் பிரித்தேன். பத்து நாள் பிடித்தது. பழைய கால் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மெஷின் சிங்கர், 15கே வகை. கே என்பது ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரில் இருந்த கில்போவி தொழிற்சாலையைக் குறிக்கும் எழுத்து. 1885 வாக்கில் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை 1980-ல் மூடிவிட்டது. அங்கே வார்த்த இரும்பு ரங்கூனில் எங்கள் மூன்றாம் மாடியில் இருக்கிறது. தவணையில் தையல் மெஷின் விற்பதை சிங்கர் கம்பெனி 1856-லேயே ஆரம்பித்தது. எங்கள் மெஷினும் தவணையில் வந்ததுதான். வாங்கியவர் அப்பாவைப் பெற்ற பாட்டியின் அக்கா. 1964-ல் கடைகளெல்லாம் அரசுடைமை ஆகி, ஐம்பது நூறு கியாட் நோட்டுகள் செல்லாமல் போய், நம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மதராசுக்குக் கப்பல் ஏறிய சமயத்தில் அவரும் போனார். போகும்போது மெஷினைத் தங்கையிடம் விட்டுப்போனார். பாட்டியிடமிருந்து அது மருமகளுக்கு, அதாவது அம்மாவுக்கு வந்தது.

முதல் வேலை, எங்கே பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது. மேல் சக்கரத்தையும் கீழ்ச் சக்கரத்தையும் இணைக்கும் தோல் வாரைக் கழற்றிவிட்டு மிதியை மட்டும் மிதித்துப் பார்த்தேன். கீழே பெரிய சக்கரம் நன்றாகச் சுற்றியது. ஆக, ஸ்டாண்டில் கோளாறு இல்லை. மேலே கைச்சக்கரத்தின் நடுவில் இருக்கும் திருகைத் தளர்த்தினேன். சக்கரம் தனியாகச் சுழன்றது, ஊசிக்கம்பி அசையவில்லை. கோளாறு தலைக்குள்தான்.

ஆனால் ஒரு விஷயம் உதைத்தது. காலை ஆறு மணிக்குத் தொட்டால் பாறை மாதிரி நிற்கும் மெஷின், மத்தியானம் இரண்டு மணிக்கு முக்கி முனகிக்கொண்டு கால் சுற்று வரும். துரு என்றால் வேளை பார்த்துப் பிடிக்காது. ரங்கூனில் ஜனவரி விடியற்காலை இருபது டிகிரிக்குக் கீழே இறங்கும், பகலில் முப்பதைத் தாண்டும். வேளைக்கு வேளை மாறுவது எது என்று யோசித்துக்கொண்டே தலைவாரப் போனேன். குளியலறை மாடத்தில் இருந்த தேங்காய் எண்ணெய் பாட்டில் வெள்ளையாக உறைந்திருந்தது. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே கட்டிபிடித்துவிடும்.

அம்மாவிடம் கேட்டேன். கொஞ்சம்கூடத் தயங்காமல் சொன்னார். 2020-ல் கடைகள் மூடிக் கிடந்த மாதங்களில் மெஷின் எண்ணெய் தீர்ந்துபோய்விட்டது. "காயக் காய ஓட்ட மனசு வரலை. அதான் தலைக்கு வைக்கிறதை ரெண்டு சொட்டு விட்டேன். நல்லா ஓடுச்சே!" அதற்கப்புறம் மெஷின் எண்ணெய் கிடைத்தபோதும் அம்மா பழையதற்குத் திரும்பவில்லை. அம்மாவின் உலகத்தில் தேங்காய் எண்ணெய் அன்பில் சேர்ந்தது. எங்கள் மூன்று பேர் தலைக்கும், என் பிள்ளைகள் தலைக்கும், வெடித்த குதிகாலுக்கும், கீச்சிடும் கதவுக் கீலுக்கும் அதே பாட்டில்தான். மெஷினை மட்டும் வேற்றாளாக நினைக்க அவருக்குத் தோன்றவில்லை. பிரியமானவர்களுக்கு நாம் பெரும்பாலும் நம்மிடம் இருப்பதைத்தான் கொடுக்கிறோம். அவர்களுக்கு எது வேண்டும் என்று கேட்பதற்கு அடுத்த பிறவியில்தான் நேரம் கிடைக்கும் போலிருக்கிறது.

சமையலுக்கும் தலைக்கும் உள்ள எண்ணெய் எதையும் மெஷினுக்கு விடக்கூடாது. குளிரில் உறைவது ஒரு பக்கம். நாளாக ஆக காற்றுப் பட்டுப் பிசினாகிவிடும், துணிப் பஞ்சு அதில் ஒட்டி மாவு பிசைந்த மாதிரி ஆகும். தையல் மெஷினுக்கென்று விற்கும் தெளிந்த மெல்லிய எண்ணெய்தான் வேண்டும்.

உறைந்ததை உருக்க எனக்குச் செலவில்லாத வழி ஒன்று இருந்தது. நானும் என் கணவரும் மெஷின் தலையை மரப்பலகையிலிருந்து கழற்றி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, பால்கனி வெயிலில் பழைய கோணியின் மேல் சாய்த்து வைத்தோம். கறுப்பு இரும்பு, மத்தியான வெயில். ஒரு மணி நேரத்தில் தொட முடியாமல் சுட்டது. அடிப்பக்கத்திலிருந்து மஞ்சள் எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கோணியில் இறங்கியது. பால்கனி முழுக்க அம்மாவின் தலை வாசனை.

சூடு இருக்கும்போதே ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் மண்ணெண்ணெய் நாலு சொட்டு விட்டேன். அரை மணிக்கு ஒருமுறை சக்கரத்தை இழுத்துப் பார்ப்பது, வரவில்லையென்றால் விட்டுவிடுவது. பலவந்தம் செய்யக்கூடாது, உள்ளே வளையும் கம்பிக்கு மாற்று கிடைப்பது கஷ்டம். ஸ்பிரிட்டை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள். தங்க நிறப் பூவேலையின் மேல் பூசியிருக்கும் மெருகை அது கரைத்துவிடும், அதோடு பூவும் போகும். பூவேலையை மெஷின் எண்ணெய் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்தால் போதும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கரண்ட் போன பிறகு, அடி நூல் சுற்றியிருக்கும் பாபின் பக்கத்தைப் பிரித்தேன். அவர் டார்ச் பிடித்தார். ஒரு மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவரை டார்ச் பிடிக்கச் சொல்ல வேண்டும். வெளிச்சம் அவர் கண் போகிற இடத்துக்குத்தான் போகும். என் அப்பா பிடித்தால், திருகு கீழே விழுந்துவிடுமோ என்று தரையில் வெளிச்சம் இருக்கும். என் பெரிய மகன் பிடித்தால் கூரையில் நிழல் பொம்மை ஓடும். இவர் பிடித்தால் வெளிச்சம் என் விரல் நுனியில் இருக்கும், ஸ்குரூடிரைவர் வழுக்கிக் குத்திவிடக்கூடாதே என்று. நான் பார்க்க வேண்டியதோ விரலுக்கு ஓரங்குலம் தள்ளி இருந்தது. "கொஞ்சம் வலது பக்கம்ங்க" என்று சொன்னால் நகர்த்துவார், மறு நிமிஷம் திரும்ப என் விரலுக்கே வரும். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் எனக்குக் கிடைத்த நல்ல சான்றிதழ்களில் அந்த டார்ச் வெளிச்சமும் ஒன்று.

ஷட்டில் ஓடும் பள்ளத்தில் நூல் சிக்கி இறுகியிருந்தது. ஊசி முனையால் ஒவ்வொன்றாக உருவினேன். வெள்ளை, கறுப்பு, அதற்கடியில் பச்சை. கறுப்பு, தமேன் என்கிற பெண்கள் லுங்கியின் இடுப்பில் வைத்துத் தைக்கும் கறுப்புப் பட்டைக்கானது. பச்சை என்னுடையது. இந்த நாட்டில் பள்ளிக்கூடத்துக்கு மேலே வெள்ளை, கீழே பச்சை. வருஷா வருஷம் ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்கு முந்தைய ராத்திரி அம்மா எனக்குப் பச்சைத் தமேன் தைத்த நூல், ஒரு விரற்கடை நீளம், முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பள்ளத்தில் இருந்திருக்கிறது. அதை எறியவில்லை. மணிபர்ஸில் வைத்திருக்கிறேன்.

டிராயரைச் சுத்தம் செய்தபோது இரண்டு விஷயங்கள் கிடைத்தன.

முதலாவது, பாபினைப் போட்டு வைக்கும் கேஸ் இரண்டு. ஒன்றில் சிவப்பு நகப்பூச்சுப் புள்ளி, இன்னொன்றில் ஆணியால் கீறிய பெருக்கல் குறி. அம்மா சொன்ன விவரம் இது. பாட்டிக்குத் தையல் இறுக்கமாக விழ வேண்டும், பாபின் கேஸில் இருக்கும் பொடித் திருகை இறுக்கி வைப்பார். அம்மாவுக்கு இளக்கமாக இருக்க வேண்டும், தளர்த்தி வைப்பார். கல்யாணமான முதல் வருஷம் முழுக்க அந்தக் கடுகளவு திருகு காலையில் ஒரு பக்கமும் மாலையில் ஒரு பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் வாய்விட்டு ஒன்றும் பேசவில்லை. ஒருநாள் டிராயரைத் திறந்தால் புதிதாக இன்னொரு பாபின் கேஸ். பாட்டிதான் சந்தையில் வாங்கி வந்து போட்டிருக்கிறார். "இது உனக்கு" என்றுகூடச் சொல்லவில்லையாம். அம்மா அதில் நகப்பூச்சு வைத்துக்கொண்டார். மாமியார் மருமகள் சண்டைக்குப் பஞ்சாயத்து பேசுகிறவர்கள் வேண்டுமானால் பேசட்டும். தனித்தனியாக ஒரு பாபின் கேஸ் வாங்கிக் கொடுத்த எங்கள் பாட்டிதான் எனக்குப் பெரிய நியாயஸ்தர். பாட்டி போய் இருபது வருஷமாகிறது. அம்மா அந்தப் பெருக்கல் குறி கேஸை இறுக்கமாகவே வைத்திருக்கிறார், தளர்த்தவில்லை.

இரண்டாவது, டிராயரின் அடியில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே நாலாக மடித்த மூன்று நோட்டுகள். எழுபத்தைந்து கியாட் நோட்டு. எழுபத்தைந்தில் ஒரு நோட்டா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இங்கே 1985-ல் வந்தது, 1987 செப்டம்பரில் இருபத்தைந்து, முப்பத்தைந்து நோட்டுகளோடு சேர்த்து ஒரே நாளில் செல்லாது என்று அறிவித்தார்கள், மாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

நோட்டைப் பார்த்ததும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவருடைய சிறுவாடு. பக்கத்து வீடுகளுக்கு ரவிக்கை தைத்த காசில் சேர்த்தது. "உங்கப்பாவுக்குத் தெரியவே தெரியாது" என்று மெதுவாகத்தான் சொன்னார். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்த அப்பா, கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்.

"தெரியும். பித்தான் தேடி நாந்தானே அதைத் திறப்பேன்."

அம்மாவின் சிரிப்பு நின்றது. "தெரிஞ்சா ஏன் கேக்கலை?"

"உன் காசு. நான் எதுக்குக் கேக்கணும்?" கொஞ்ச நேரம் கழித்து, "ரேடியோல செல்லாதுன்னு சொன்ன அன்னைக்கு அடுப்படியில வெங்காயம் உரிச்சிட்டு இருந்தே. ரொம்ப நேரம் உரிச்சே. அப்பவும் நான் கேக்கலையே" என்றார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். அப்பாவுக்கு மருத்துவர் சர்க்கரை குறைத்திருக்கிறார். அன்றைக்கு அந்த டீ எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை நான் கேட்கவில்லை, அப்பா ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்ததைப் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் சக்கரம் ஒரு விரலால் தள்ளினாலே சுற்றியது. மண்ணெண்ணெய் கரைப்பதற்குத்தான், வழவழப்புக்கு ஆகாது. அதனால் எல்லாத் துளையிலும் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு, பிறகு நூல் கோக்காமல் பத்து நிமிஷம் கையால் சுற்றி, வழிந்த கறுப்பைத் துடைத்து, மறுபடி ஒரு சொட்டு. மூன்று முறை செய்த பிறகுதான் வழிந்த எண்ணெய் தெளிந்து வந்தது.

வார் வெடித்திருந்தது. புதிது வாங்க அவர் ஞாயிற்றுக்கிழமை தெய்ஞ்சீ சந்தைக்குப் போனார். எங்கள் பெரியவர்கள் சூரத்தி பஜார் என்பார்கள். ரங்கூன் மாடி வீடுகளில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும், முனையில் கிளிப், மேலே மணி. பேப்பர், சாவி, சாப்பாடு எல்லாம் அதில்தான் ஏறும். மணி அடித்தது. இழுத்தேன். சுருட்டிய தோல் வாரோடு, சூடு ஆறாத சமூசாப் பொட்டலமும் ஏறி வந்தது. குனிந்து பார்த்தால் அவர் கீழே நின்று, முதலில் பொட்டலத்தைப் பிரி என்று கையால் சைகை காட்டுகிறார். மூன்று மாடி ஏறி வருவதற்குள் ஆறிவிடுமாம்.

வாரை அளந்து வெட்டிக் கம்பி மாட்டுவது அவர் வேலை. கடையில் விற்கும் வார் 72 அங்குலம் இருக்கும், முதலிலேயே சரியாக வெட்டிவிடக்கூடாது. சக்கரங்களில் போட்டுப் பார்த்து, அரையங்குலம் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். குத்தூசியால் முனையில் துளையிட்டு, கம்பிக் கொக்கியை நுழைத்து, குறட்டால் மடக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் மிதி கனக்கும், தளர்ந்தால் வழுக்கும். அவர் இறுக்கமாகத்தான் செய்வார் என்று எனக்குத் தெரியும். குழாய், கேஸ் ரெகுலேட்டர், ஊறுகாய் ஜாடி மூடி எல்லாவற்றையும் வேறு யாரும் திறக்க முடியாதபடி மூடுகிற கை அது. மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டு போட்டுத் திருகினால் நானே திறந்துவிடுவேன். ஆனாலும் "ஏங்க, இதைக் கொஞ்சம்" என்று கூப்பிடுகிறேன். வேலையை விட்டுவிட்டு எழுந்து வரும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும், அது எனக்கு வேண்டும். வார் விஷயத்தில் மட்டும் பக்கத்தில் நின்று இரண்டு முறை தளர்த்தச் சொன்னேன்.

அடுத்த தலைவலி தையல். மேலே பார்க்க அழகாக விழுந்தது. துணியைத் திருப்பினால் அடியில் வளையம் வளையமாக நூல். அடியில் தெரிகிறதே என்று பாபினை நோண்டத் தோன்றும். நோண்டாதீர்கள். அடியில் வளையம் விழுந்தால் அநேகமாக மேல் நூலின் பிடிதான் சரியில்லை. அந்தப் பிடியைக் கொடுக்கும் மேல் டென்ஷனின் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் பஞ்சு அடைத்திருந்தது. துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தைத் தூக்கி வைத்து, ஒரு வெள்ளைத் துணி முனையை அந்த இடுக்கில் விட்டு இழுத்தபோது சாம்பல் நிறத்தில் ஒரு திரி வந்தது. நூல் கோக்கும்போதும் பாதம் மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் தட்டுகள் திறந்து நூலை உள்ளே வாங்கும். ஊசியையும் மாற்றினேன். கழற்றும் முன் அதன் தட்டைப் பக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டு, புதியதை அதே திசையில் மாட்டினேன்.

பாபின் கேஸுக்கு அம்மாவின் சோதனை எளிது. நூல் முனையைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட வேண்டும். சும்மா பிடித்தால் நிற்க வேண்டும், கையை லேசாக உதறினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று விழுந்தால் தளர்ச்சி, உதறியும் அசையாவிட்டால் இறுக்கம். நகப்பூச்சுக் கேஸ் சரியாக இறங்கி நின்றது.

பத்தாம் நாள் அம்மா உட்கார்ந்தார். நான் மிதித்தால் கையால் சக்கரத்தைத் தள்ளிவிட்டுத்தான் கிளப்ப முடியும். கொஞ்சம் தவறினாலும் பின்பக்கம் சுற்றி நூல் அறுந்துவிடும். அம்மா சக்கரத்தைத் தொடவில்லை. செருப்பைக் கழற்றினார், இடது கால் முன்னால், வலது கால் குதிகால் பின்னால், எங்கேயோ ஒரு சின்ன அழுத்தம். மெஷின் கிளம்பிவிட்டது. எழுபதைத் தாண்டிய கால். மின்சாரம் இல்லை, தெருவில் ஜெனரேட்டர்கள் இரைந்துகொண்டிருந்தன, அதற்கிடையில் இந்த டக டக டக சத்தம் தனியாகக் கேட்டது. பழுப்புக் கட்ட லுங்கியின் நீளத் தையல் மூன்று நிமிஷத்தில் முடிந்தது. அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார், கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது.

இரண்டாவது துணியைத் தைத்துக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்தேன். அப்பா புது லுங்கியோடு சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாக மத்தியானத் தூக்கம் வரவில்லை என்று அவர் மருத்துவரிடம் மாத்திரை கேட்டது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வார் ஒரு வாரத்தில் இளகியது; அரையங்குலம் குறைத்தாயிற்று, புது வார் என்றால் இது வழக்கம். மெஷின் எண்ணெய் பாட்டிலின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி டிராயரிலேயே வைத்திருக்கிறேன்.

மூன்றாவது துணி, அந்த நீலக் கட்டம், இன்னும் தைக்கப்படவில்லை. அப்பா தினமும் சாப்பிட்டு முடித்ததும் "அது எப்போ?" என்று கேட்கிறார். அம்மா "நூல் கலர் சேரலை, பாக்கலாம்" என்கிறார். டிராயரில் அதே நீலத்தில் நாலு நூல்கண்டு இருக்கிறது. அப்பாவும் பார்த்திருப்பார். பித்தான் தேடி அவர்தானே அதைத் திறப்பார்.